திருடனை நாமே கைது செய்யலாமா? பொதுமக்கள் செய்யும் கைது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில் நான் பேசி முடித்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். குடியிருப்போர் சங்கத்தார், கடைக்காரர்கள், ராத்திரி ரோந்து போகும் இளைஞர்கள் எல்லாரும் கேட்பது அநேகமாக ஒன்றையே: பிடிக்கலாமா, பிடித்தால் என்ன செய்யலாம்? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் இந்தியாவில் இன்று நடப்பில் உள்ள சட்டத்தின்படி. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் வந்துவிட்டன. கீழே இவற்றை நடைமுறைச் சட்டம், தண்டனைச் சட்டம் என்றே சொல்கிறேன். சட்டத்தின் பெயர் இல்லாமல் பிரிவு எண் மட்டும் வந்தால் அது நடைமுறைச் சட்டத்தின் பிரிவு.

போலீஸ் இல்லாத நம்மளால ஒருத்தரைக் கைது பண்ண முடியுமா சார்?

முடியும். நடைமுறைச் சட்டத்தின் 40ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. பழைய சட்டத்தில் இது 43ஆவது பிரிவாக இருந்தது. இரண்டே சந்தர்ப்பங்களில்தான் இது செல்லும். ஒருவர் உங்கள் முன்னிலையில், ஜாமீனில் விட முடியாததும் போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியதுமான குற்றத்தைச் செய்ய வேண்டும். அல்லது, தலைமறைவாகிவிட்டதால் நீதிமன்றம் பிரகடனப்படுத்திய குற்றவாளியாக அவர் இருக்க வேண்டும்.

நீங்களே பிடிக்கலாம், பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்கச் சொல்லவும் செய்யலாம். பிடித்தவரைப் போலீசிடம் ஒப்படைப்பதோடு உங்கள் அதிகாரம் முடிந்துவிடும். விசாரிப்பது, தண்டிப்பது, மன்னித்து விடுவது எதுவும் அதில் சேராது.

எது ஜாமீன்ல விட முடியாத குற்றம்னு ரோட்டுல நின்னுக்கிட்டு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நியாயமான கேள்வி. நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே இரண்டு விவரங்கள் இருக்கும். ஒன்று, போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாமா என்பது. இன்னொன்று, ஜாமீன் உரிமையாகக் கிடைக்குமா, இல்லை நீதிமன்றம் பார்த்துத் தர வேண்டுமா என்பது. பிடியாணை தேவையில்லை, ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது என்று இரண்டும் சேர்ந்திருந்தால் மட்டுமே நீங்கள் பிடிக்கலாம். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் கூடாது.

கொலை, கொள்ளை, வழிப்பறி, செயின் பறிப்பு, இரவில் பூட்டை உடைத்து வீடு புகுதல், பாலியல் வன்முறை, மானபங்கம் செய்யும் நோக்கில் ஒரு பெண்மேல் கைவைப்பது ஆகியவை இந்த வரம்புக்குள் வரும். வாய்த்தகராறு, சாதாரண அடிதடி, அவதூறு, வெறும் அத்துமீறி நுழைதல் ஆகியவை வராது. பின்தொடர்ந்து தொல்லை தருவதுகூட முதல் முறை என்றால் ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். அட்டவணையை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. சந்தேகம் வந்தால் அவசர உதவி எண் 112க்குக் கூப்பிடுங்கள், ஆளைத் தொடாதீர்கள். இதைத்தான் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன்.

முன்னிலையில்னா எவ்வளவு பக்கத்துல? சிசிடிவில பார்த்தா கணக்கா?

குற்றம் நடக்கும்போது நீங்கள் அங்கே இருந்து அதை அறிந்திருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் செயினை அறுத்துக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்து, துரத்திப் போய் அடுத்த தெருவில் பிடித்தால், சம்பவம் அறாமல் தொடர்வதாகவே கொள்ளலாம். அந்தப் பெண் "பிடிங்க" என்று கத்தியதைக் கேட்டுப் பிடித்தவர்களும் அவர் சார்பில் பிடித்தவர்கள்தான்.

நேற்று ராத்திரி நடந்த திருட்டைக் காலையில் கேமரா பதிவில் பார்த்துவிட்டு, அதே சட்டை போட்டவரை டீக்கடையில் மடக்குவது இதில் வராது. பதிவை அழியாமல் எடுத்து வைத்து, புகாரோடு கொடுங்கள். "அவன்தான் எடுத்திருப்பான்" என்ற சந்தேகம், "பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாராம்" என்ற தகவல் எதுவும் உங்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் தராது. சந்தேகத்தின் பேரில் கைது செய்வதற்குப் போலீசுக்கே பல நிபந்தனைகள் உண்டு.

பிடிச்ச ஆளை எவ்வளவு நேரம் வெச்சிருக்கலாம்?

பழைய சட்டம் "தேவையற்ற தாமதமின்றி" ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. புதிய சட்டம் அந்த நிபந்தனையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்துக்குள் என்று ஒரு உச்சவரம்பையும் சேர்த்திருக்கிறது. இதைப் பலர் "ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்" என்று புரிந்துகொள்கிறார்கள். ஸ்டேஷன் பத்து நிமிட நடையில் இருக்கும்போது ஐந்து மணி நேரம் சங்க அலுவலகத்தில் உட்கார வைத்தால் அது தேவையற்ற தாமதம்தான். மலைக் கிராமம், இரவு நேரம், வண்டி வசதி இல்லை என்ற நிலைமைகளுக்குத்தான் அந்த வரம்பு உதவும்.

போலீஸ்காரர் யாரும் அருகில் இல்லையென்றால் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு நீங்களே கூட்டிப் போகலாம், அல்லது ஆள் வைத்து அனுப்பலாம். 112க்கு அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். பின்னால் தாமதம் பற்றிக் கேள்வி வந்தால் அந்த அழைப்புப் பதிவு உங்களுக்குத் துணை நிற்கும்.

போலீஸ் வர்ற வரைக்கும் கம்பத்துல கட்டி வைக்கலாமா?

தப்பித்துப் போகாமல் இருக்க எவ்வளவு கட்டுப்பாடு தேவையோ அதற்கு மேல் கூடாது என்கிறது 46ஆவது பிரிவு. அமைதியாக உட்கார்ந்திருப்பவரைக் கட்டத் தேவையே இல்லை. கத்தியோடு திமிறுகிறவரின் கையைப் பிடித்து வைப்பது, வேறு வழியே இல்லாதபோது கட்டுவது வேறு விஷயம். நடுத்தெருவில் கம்பத்தில் கட்டி வைத்து ஊர் பார்க்க நிறுத்துவது தப்பிப்பதைத் தடுக்க அல்ல, அவமானப்படுத்தத்தான். அதைச் சட்டம் அனுமதிக்கவில்லை.

அவர் எதிர்த்தால், பிடிப்பதற்குத் தேவையான பலத்தைப் பயன்படுத்த 43ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றச்சாட்டு இல்லாத ஒருவரின் உயிரைப் பறிக்க அந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

திருடன்தானே சார், ரெண்டு தட்டு தட்டினா என்ன?

இந்தக் கேள்வி சிரித்துக்கொண்டேதான் வரும். எனக்கு ஒருநாளும் இதில் சிரிக்க முடிந்ததில்லை. பிடிபட்டு, பிடி இறுகிய பிறகு விழும் ஒவ்வொரு அடியும் தனிக் குற்றம். சாதாரண காயத்துக்கு ஒரு வருடம் வரை சிறை, எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு ஏழு வருடம் வரை. "எங்கே வெச்சிருக்க சொல்லு" என்று கேட்டு அடித்தால், ஒப்புதல் வாக்குமூலம் வாங்கக் காயப்படுத்திய குற்றம் வரும். தண்டனைச் சட்டம் 120ஆவது பிரிவின்படி அதற்கும் ஏழு வருடம் வரை சிறை. திருடியவருக்குக் கிடைக்கும் தண்டனையைவிட அடித்தவருக்கு அதிகம் கிடைக்கலாம்.

கூட்டமாகச் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். யார் அடித்த அடியில் உயிர் போனது என்று தெரியாவிட்டாலும், ஒரே நோக்கத்தோடு சேர்ந்து அடித்த எல்லார்மேலும் கொலை வழக்கு வரலாம். இனம், சாதி, மொழி, பிறந்த இடம், நம்பிக்கை போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொன்றால், தண்டனைச் சட்டம் 103ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவுப்படி மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. வெளியூர்க்காரர், வேறு மொழி பேசுகிறவர் என்பதாலேயே சந்தேகப்பட்டு அடிக்கிற இடங்களில் இந்தப் பிரிவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குடும்பத்தோடு கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்துகிறவர் என்று நினைத்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அப்போது வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கூடியவர்களும் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். அதே வருடம் ஜூலையில் தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலையில் ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்க உத்தரவிட்டது. கூட்டம் கூடுவதைப் பார்த்தால் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, பிடிபட்டவரை ஒரு அறைக்குள் நகர்த்திவிட்டு வாசலில் நீங்கள் நின்றுகொள்வது.

பையையும் போனையும் சோதிச்சுப் பார்க்கலாமா?

கூடாது. பொதுமக்கள் பிடித்த ஆளைச் சோதனையிடும் அதிகாரம், அவரை உங்களிடமிருந்து பெற்றுக்கொள்ளும் போலீஸ் அதிகாரிக்குத்தான் உண்டு என்கிறது 49ஆவது பிரிவு. ஒரே விதிவிலக்கு ஆயுதம். கத்தி, அரிவாள் ஏதாவது வைத்திருந்தால் உடனே எடுத்துவிடலாம், 50ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. எடுத்ததை அப்படியே போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். போனைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது, பர்ஸை எடுத்து எண்ணுவது இரண்டும் வேண்டாம். வழக்கே அங்கே கெட்டுப்போகும்.

எங்க கடையில ஒருத்தங்க முந்நூறு ரூபா சாமானைப் பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. பிடிச்சு உட்கார வெச்சோம். தப்பா?

புதிய சட்டத்தில் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பொதுவாகத் திருட்டு, ஜாமீனில் விட முடியாத குற்றம். ஆனால் தண்டனைச் சட்டம் 303ஆவது பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் முறை தண்டனை பெறுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவை மட்டும்தான். அட்டவணையிலும் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு தனி வரிசையில், பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத, ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. முதல் பதிலில் சொன்ன இரண்டு நிபந்தனைகளுமே இங்கே விழுந்துவிடுகின்றன.

அதனால் முந்நூறு ரூபாய்ச் சோப்புக்காகவும் ஷாம்புக்காகவும் ஒருவரைப் பின்னறையில் அடைத்து வைப்பது உங்கள்மேல் வழக்காகத் திரும்பலாம். பில் போடாத பொருளோடு வாசலைத் தாண்ட விடாமல் கேட்பது, பொருளைத் திரும்ப வாங்குவது, கேமரா பதிவை வைத்துப் புகார் கொடுப்பது இவையெல்லாம் செய்யலாம். பத்து மடங்கு பணம் கட்டினால்தான் விடுவேன் என்று மிரட்டி வாங்குவது பணப்பறிப்பு. கையில் பொருளோடு படம் எடுத்துச் சுவரில் ஒட்டுகிற கடைகளையும் பார்த்திருக்கிறேன். அவதூறு வழக்குக்கு அவர்களே ஆதாரம் தயாரித்துக் கொடுக்கிறார்கள்.

எங்க செக்யூரிட்டி யூனிஃபார்ம் போட்டிருக்காரே, அவருக்குக் கூடுதல் அதிகாரம் இருக்கும்ல?

இல்லை. அவரும் 40ஆவது பிரிவு சொல்லும் தனிநபர்தான். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, போலீஸ் அல்லது ராணுவச் சீருடை போலத் தோன்றும் உடை அணிந்தாலே ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு.

பிடிபட்டது ஒரு பொம்பளைன்னா?

குற்றம் முதல் பதிலில் சொன்ன வரம்புக்குள் வந்தால் பிடிக்கலாம். ஆனால் கைது என்று வாயால் சொன்னதுமே அவர் பணிந்ததாகக் கொள்ள வேண்டும் என்பதும், சூழ்நிலை கட்டாயப்படுத்தினாலொழிய ஆண் போலீஸ் அவரைத் தொடக் கூடாது என்பதும் 43ஆவது பிரிவு. போலீசுக்கே அப்படி என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெண்களை வைத்துத் தடுத்து நிறுத்துங்கள். தனியறையில் ஆண்களோடு உட்கார வைக்காதீர்கள். 112ல் பேசும்போதே பெண் காவலர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பதினஞ்சு வயசுப் பையன் வண்டி திருடும்போது பிடிச்சோம். என்ன செய்யறது?

18 வயது முடியாத யாரும் சட்டத்தின் பார்வையில் குழந்தை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை லாக்கப்பிலோ சிறையிலோ போலீசே வைக்க முடியாது. குழந்தை நலக் காவல் அதிகாரியின் பொறுப்பில் விட்டு, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, 112க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அழைத்து, பெற்றோருக்குத் தகவல் சொல்வதுதான்.

அவன் முகத்தையோ பெயரையோ பள்ளியையோ எந்தக் குழுவிலும் பகிராதீர்கள். அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த வீடியோ அவன் முப்பது வயதில் வேலைக்குப் போகும்போதும் இணையத்தில் கிடக்கும்.

வண்டியில இடிச்சிட்டு ஓடப் பார்த்த டிரைவரைப் பிடிக்கலாம்தானே?

பலரும் "நிச்சயமாக" என்று நினைப்பது, சட்டமோ அப்படிச் சொல்லாதது. கவனக்குறைவாக ஓட்டுவதும், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதும் போலீஸ் கைது செய்யக்கூடியவைதான், ஆனால் ஜாமீனில் விடக்கூடியவை. ஆகவே 40ஆவது பிரிவு பொருந்தாது. வண்டி எண், நிறம், போன திசை, டிரைவரின் படம் இவைதான் வழக்குக்கு வேண்டியவை. எல்லாவற்றுக்கும் முன்னால் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 134ஆவது பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை என்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் விலக்கு என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அடி விழும் என்ற பயத்தில் டிரைவர்கள் ஓடுவதை நாடாளுமன்றமே அறிந்துதான் எழுதியிருக்கிறது. அடிக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் நின்று உதவக்கூடியவர்கள் பலர் உண்டு என்று நான் நம்புகிறேன்.

சீட்டுப் பணத்தை ஏமாத்தினவரை வீட்டுல உட்கார வெச்சு, பணம் வந்தப்புறம் விட்டா?

அது கைது அல்ல, சட்டவிரோதமாக அடைத்து வைத்தல். தண்டனைச் சட்டம் 127ஆவது பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை, மூன்று நாளோ அதற்கு மேலோ வைத்திருந்தால் மூன்று வருடம் வரை. போகிற வழியை மறித்து நின்றாலே அதே சட்டத்தின் 126ஆவது பிரிவில் ஒரு மாதம் வரை. ஏமாந்த பணம் உழைத்துச் சேர்த்ததாகவே இருக்கும், கோபம் புரிகிறது. மோசடிப் புகாரும் பண வசூல் வழக்கும் போடுங்கள். ஆளைப் பிணையாக வைத்தால் உங்கள் புகாரின் பலம் போய்விடும்.

பார்க்குல ஜோடியா உட்கார்ந்திருக்கிறவங்களைப் பிடிச்சுக் கொடுக்கலாமா?

கூடாது. உட்கார்ந்து பேசுவது குற்றமே இல்லை. பிடிக்கிறவர்தான் முந்தைய பதிலில் சொன்ன 126, 127ஆவது பிரிவுகளில் மாட்டுவார்.

"தேடப்படும் குற்றவாளி"ன்னு வாட்ஸ்அப்ல போட்டோ வந்துச்சு. அதே ஆளை பஸ்ல பார்த்தேன்.

பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி என்பது நீதிமன்றம் தரும் நிலை. பிடியாணை பிறப்பித்தும் தலைமறைவாக இருப்பவரை, குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து ஆஜராகச் சொல்லி நீதிமன்றம் பிரகடனம் வெளியிடும். குறிப்பிட்ட கடுமையான குற்றங்களில், அப்படியும் வராவிட்டால், விசாரித்து அவரை அப்படி அறிவிக்கும். வாட்ஸ்அப் படத்துக்கு அந்தத் தகுதி இல்லை. போலீசே ஒட்டிய படமாக இருந்தாலும், அதில் இருக்கும் எல்லாரும் நீதிமன்றம் அறிவித்தவர்கள் என்று சொல்ல முடியாது. பேருந்து எண்ணைச் சொல்லித் தகவல் கொடுங்கள். முகச்சாயலை நம்பிக் கைவைக்காதீர்கள்.

துரத்தினோம், ஒரு வீட்டுக்குள்ள புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டான். கதவை உடைக்கலாமா?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கைது செய்வதற்காகக் கதவை உடைத்து நுழையும் உரிமை, 44ஆவது பிரிவில் பிடியாணை வைத்திருப்பவருக்கும் போலீசுக்கும்தான் தரப்பட்டிருக்கிறது. நீங்கள் இன்னும் அவனைப் பிடிக்கவே இல்லை என்றால் அந்த உரிமை கிடையாது. ஒருமுறை சட்டப்படி பிடித்து உங்கள் பிடியிலிருந்து தப்பியவன் என்றால், உடனே துரத்தி இந்தியாவில் எங்கும் மறுபடி பிடிக்க 61ஆவது பிரிவு இடம் தருகிறது. 44ஆவது பிரிவின் நுழையும் விதிகளும் அப்போது உங்களுக்குப் பொருந்தும். நடைமுறையில் என் யோசனை, வாசலையும் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டு போலீசுக்குக் காத்திருப்பதுதான். உள்ளே அந்த வீட்டுக்காரர் இருக்கலாம்.

நல்லெண்ணத்துலதான் பிடிச்சேன், ஆனா தப்பான ஆள். என்மேல கேஸ் வருமா?

தண்டனைச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் இதற்கே ஓர் உதாரணம் தரப்பட்டிருக்கிறது. ஒருவர் கொலை செய்வது போல உங்கள் கண்ணுக்குப் படுகிறது. உங்களால் முடிந்தவரை யோசித்து, நல்லெண்ணத்தோடு, அதிகாரிகளிடம் ஒப்படைப்பதற்காக அவரைப் பிடிக்கிறீர்கள். பிறகு அவர் தற்காப்புக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று தெரியவந்தாலும் நீங்கள் குற்றம் செய்தவர் ஆக மாட்டீர்கள்.

ஆனால் பாதுகாப்பு உண்மைநிலையைத் தவறாகப் புரிந்துகொண்டவருக்குத்தான், சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவருக்கு அல்ல. "அடிதடிக்கெல்லாம் பிடிக்கலாம்னு நினைச்சேன்" என்றால் எடுபடாது. நல்லெண்ணம் என்பதற்குச் சட்டம் கேட்பது உரிய கவனம். பத்துப் பேர் சொன்னார்கள் என்று பிடித்தவரால் அந்தக் கவனத்தைக் காட்ட முடியாது. பிடித்த பிறகு அடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு அடிக்குக் கிடைக்காது. சேதத்துக்கு நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்கு போடவும் பாதிக்கப்பட்டவருக்கு வழி உண்டு.

உயிரைக் கொடுத்துப் பிடிச்சுக் கொடுத்தேன். ஸ்டேஷன்ல நோட்டீஸ் கொடுத்து அனுப்பிட்டாங்களே!

வருத்தம் நியாயம்தான், ஆனால் பெரும்பாலும் அது சட்டப்படி நடந்ததே. நீங்கள் ஒப்படைப்பவரைப் போலீஸ் 35ஆவது பிரிவின் நிபந்தனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காவலில் எடுக்க வேண்டும். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் தேவையை எழுத்தில் பதியாமல் இயந்திரம் போலக் கைது செய்யக் கூடாது என்று 2014ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. குற்றமே நடந்ததாகத் தெரியவில்லை என்றால் உடனே விட்டுவிட வேண்டும் என்பதும் 40ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

அனுப்பிவிட்டார்கள் என்றால் வழக்கு முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. எழுத்து மூலம் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது, 173ஆவது பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகார் தரலாம். நீங்கள் நேரில் பார்த்த சாட்சி என்பதால் நீதிமன்றத்துக்கும் கூப்பிடுவார்கள். பார்த்ததை அன்றே எழுதி வையுங்கள்.

நான் பயந்து பிடிக்காம விட்டுட்டேன். என்மேல தப்பா?

இல்லை. சட்டம் "பிடிக்கலாம்" என்கிறது, "பிடிக்க வேண்டும்" என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு போலீஸ் அதிகாரி நியாயமாக உதவி கேட்டால், 31ஆவது பிரிவுப்படி உதவுவது கடமை. கொலை, கொள்ளை போன்ற சில கடுமையான குற்றங்களைப் பற்றித் தெரிந்தால் தகவல் சொல்வதும் 33ஆவது பிரிவுப்படி கடமை. ஆயுதம் வைத்திருப்பவனை வெறுங்கையோடு மறிக்காத யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒண்ணும் செய்யாத என்னையே நாலு பேர் பிடிச்சு வெச்சிட்டா?

ஓடாதீர்கள், ஓடுவதைக் குற்றத்தின் அடையாளமாகவே கூட்டம் எடுத்துக்கொள்ளும். "போலீசைக் கூப்பிடுங்க, அங்கே பேசிக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே 112ஐ அழுத்துங்கள். எதையும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள், பணம் கொடுத்து முடிக்காதீர்கள். அடிக்க வந்தால் தேவையான அளவு தற்காத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

நிலையத்துக்குப் போனதும் பிடித்தவர்களின் பெயர்களையும், எத்தனை மணியிலிருந்து வைத்திருந்தார்கள் என்பதையும் பதியச் சொல்லுங்கள். காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். வக்கீலுக்கு வசதி இல்லாவிட்டால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழையுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தர வேண்டும்.